மரவள்ளிக்கு ‘பாயிண்ட்’ பார்ப்பது எப்படி? கிழங்கு ஜவ்வரிசியாகும் கணக்கு

சேலம், நாமக்கல் பக்கம் போய் மரவள்ளிக் கிழங்கு டன் என்ன விலை என்று கேட்டால், “எத்தனை பாயிண்ட் கிழங்கு?” என்ற எதிர்க்கேள்விதான் முதலில் வரும். ஒரே நாளில் ஒரே சேகோ (ஜவ்வரிசி) ஆலை வாசலில் நிற்கும் இரண்டு லாரிகளுக்கு இரண்டு விலை விழுவது அங்கே வழக்கம். எடை ஒன்றாக இருக்கலாம், இரகம்கூட ஒன்றாக இருக்கலாம். ஒரு லாரிக் கிழங்கு 28 பாயிண்ட், மற்றது 24 பாயிண்ட் என்றால், பாயிண்ட் கணக்கில் வாங்கும் இடத்தில் இரண்டாவது லாரிக்காரருக்கு டன்னுக்கு ஏழில் ஒரு பங்கு பணம் குறைந்துவிடும்.

பாயிண்ட் என்பது கிழங்கில் உள்ள மாவுச்சத்தைக் குறிக்கும் எண். நூறு கிலோ கிழங்கில் ஏறத்தாழ எத்தனை கிலோ மாவு இருக்கிறது என்று அது சொல்கிறது. தோண்டியெடுத்த மரவள்ளியின் எடையில் 60 முதல் 65 சதவீதம் வரை தண்ணீர். மீதியில் நார், தோல், கொஞ்சம் சர்க்கரை, மிகக் கொஞ்சம் புரதம் போக மற்றதெல்லாம் மாவு. ஆலை விற்கப்போவது அந்த மாவைத்தான் என்பதால் தண்ணீருக்கும் நாருக்கும் அது காசு கொடுக்காது. பால் சங்கத்தில் லிட்டரை மட்டும் பார்க்காமல் கொழுப்பையும் கொழுப்பற்ற திடப்பொருளையும் பார்த்து விலை போடுகிறார்களே, அதே முறைதான் இது. கரும்புக்கு மத்திய அரசு அறிவிக்கும் விலையும் 10.25 சதவீதச் சர்க்கரைக் கட்டுமானம் (கரும்பிலிருந்து கிடைக்கும் சர்க்கரையின் அளவு) என்ற அடிப்படையில் நிற்பதுதான்.

முறை நியாயமானது. ஆனால் அளக்கும் தராசு வாங்குபவர் கையில் இருக்கிறது. அதனால்தான் இந்த எண் எப்படிப் பிறக்கிறது, எதனால் ஏறுகிறது, எதனால் இறங்குகிறது என்பதை விற்பவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்கிறோம்.

ஜவ்வரிசி சேலத்துக்கு வந்த வழி

ஜவ்வரிசி முதலில் மரவள்ளியிலிருந்து வந்த பொருளே கிடையாது. மலேயா, இந்தோனேசியத் தீவுகளில் வளரும் சேகோ பனையின் தண்டுச் சோற்றிலிருந்து மாவு எடுத்து உருட்டிக் காயவைத்தது அது. இரண்டாம் உலகப் போரில் கப்பல் வரத்து நின்றதும் இங்கே தட்டுப்பாடு வந்தது. 1943-இல் சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியார், பினாங்கிலிருந்து வந்த, மரவள்ளி மாவுத் தொழில் தெரிந்த போபட்லால் ஷாவோடு சேர்ந்து உள்ளூர்க் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார். ஆத்தூர், ராசிபுரம், சேந்தமங்கலம் என்று தொழில் பரவியது. ஆலைக்காரர்கள் சரக்கைச் சேமித்து ஏலத்தில் விற்க 1981-இல் ‘சேகோசர்வ்’ கூட்டுறவுச் சங்கம் பதிவானது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

இந்திய உணவுச் சட்டம் ஜவ்வரிசி என்பதற்குத் தரும் விளக்கத்தில் சேகோ பனை மாவு, மரவள்ளி மாவு இரண்டுக்கும் இடம் உண்டு. கடையில் நம் கைக்கு வருவது அநேகமாக எப்போதுமே மரவள்ளிதான். கேரளத்தில் இதே கிழங்கு ‘கப்பை’ என்ற பெயரில் தட்டுக்கு நேராகப் போகிறது. தமிழ்நாட்டில் விளைவதில் பெரும்பங்கு ஆலைக்குப் போகிறது. இங்கே பாயிண்ட் என்ற பேச்சு பிறந்ததும் அதனால்தான்.

தண்ணீரில் எடை போடுவது

கிழங்கை வெட்டி, அரைத்து, மாவைப் பிரித்துக் காயவைத்து எடை போட்டால் சரியான அளவு கிடைக்கும். அதற்கு ஒரு நாளுக்கு மேல் ஆகும். லாரி அவ்வளவு நேரம் நிற்க முடியாது. ஆகவே ஒரு குறுக்குவழி: மாவு தண்ணீரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அடர்த்தியானது. மாவு நிறைந்த கிழங்கு தண்ணீருக்குள் கொஞ்சம் கூடுதல் கனம் காட்டும். மாவு குறைந்து தண்ணீர் மிகுந்த கிழங்கு கிட்டத்தட்ட மிதக்கப் பார்க்கும்.

சுமையின் மேல், நடு, அடி என்று பல இடங்களிலிருந்து கிழங்கை எடுக்க வேண்டும். மண்ணைக் கழுவி, காம்புக் கட்டையை நறுக்கிவிட்டு, மேல் ஈரத்தைத் துடைத்து, சரியாக 5 கிலோ நிறுத்துக்கொள்ள வேண்டும். தராசின் கீழே தொங்கும் கம்பிக்கூடையை வெறுமையாகத் தண்ணீருக்குள் முக்கி, அந்த நிலையில் தராசைச் சுழியத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு கூடையில் கிழங்கைப் போட்டு முழுவதும் மூழ்கும்படி இறக்கி, தொட்டிச் சுவரில் படாமல் நிற்கிறதா என்று பார்த்து, எண்ணைப் படிக்க வேண்டும்.

5 கிலோ கிழங்கு தண்ணீருக்குள் 600 கிராம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது வெளியேற்றிய தண்ணீர் 4.4 கிலோ. 5-ஐ 4.4-ஆல் வகுத்தால் ஒப்படர்த்தி 1.136. மரவள்ளிக்கு ஆய்வாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் சமன்பாடு ஒன்று உண்டு: ஒப்படர்த்தியை 158.3-ஆல் பெருக்கி 142-ஐக் கழித்தால் காய்ந்த பொருளின் சதவீதம் வரும். இங்கே அது 37.9. காய்ந்த பொருளில் முக்கால் பங்குக்குக் குறையாமல் மாவு இருக்கும் என்பதால், இந்தக் கிழங்கு 28 பாயிண்ட்டை ஒட்டியது என்று சொல்லலாம். அதே 5 கிலோ தண்ணீருக்குள் 500 கிராம்தான் காட்டினால் காய்ந்த பொருள் 33.9 சதவீதத்துக்கு இறங்கிவிடும். மாவு 25-ஐ ஒட்டி நிற்கும். ஆலையில் இந்தக் கணக்கை யாரும் தாளில் போடுவதில்லை. தண்ணீர் எடைக்கு நேரே பாயிண்ட் எழுதிய அட்டவணையோ, எண்ணை நேராகக் காட்டும் கருவியோ இருக்கும்.

நூறு கிராம் வித்தியாசம் மூன்று பாயிண்ட்டை நகர்த்துகிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டு, தவறு எங்கெல்லாம் நுழையும் என்று பாருங்கள். கிழங்குகளுக்கு இடையில் காற்றுக்குமிழி சிக்கிக்கொண்டால் தண்ணீர் எடை குறையும். கூடையை நான்கு முறை குலுக்கினால் குமிழி போய்விடும், அதைச் செய்யாமல் படிக்கும் அவசரம்தான் பிழை. கூடையின் அடி தொட்டியில் தட்டினாலும் எடை குறைவாகத் தெரியும். ஒட்டியிருக்கும் மண் எதிர்ப்பக்கம் வேலை செய்கிறது. மண் கனமானது, ஆகவே பாயிண்ட்டைப் பொய்யாக ஏற்றும். மண்ணோடு எடை போட்டுவிட்டு, பிறகு ‘கழிவு’ என்று தனியாக எடையில் பிடித்துக்கொண்டால் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்று யாராலும் சொல்ல முடியாது. கழுவிவிட்டு அளப்பதே இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

பலரும் கவனிக்காத ஒன்று தொட்டித் தண்ணீர். காலையிலிருந்து முப்பது சுமை அளந்த தொட்டியில் மண்ணும் மாவும் கரைந்து தண்ணீர் கலங்கியிருக்கும். கலங்கிய தண்ணீர் அடர்த்தி கூடியது, கிழங்கை அதிகமாகத் தாங்கும். தண்ணீரின் அடர்த்தி ஒரு சதவீதம் ஏறினாலே 4.4 லிட்டர் இடத்தை அடைக்கும் கிழங்கு 44 கிராம் குறைவாகக் காட்டும். அது ஒரு பாயிண்ட்டுக்கு மேல். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லாமலே மாலையில் வரும் லாரிக்கு இப்படிப் பாயிண்ட் குறையலாம். தொட்டியில் தண்ணீர் மாற்றச் சொல்லிக் கேட்பது உரிமைப் பிரச்சினை எழுப்புவது ஆகாது, அளவையின் அடிப்படைத் தேவை அது.

மாதிரிக் கிழங்கைத் தேர்ந்தெடுப்பதிலும் பாதி விஷயம் இருக்கிறது. விரல் தடிமனில் இருக்கும் இளங்கிழங்கில் மாவு குறைவு. நடுத்தரப் பருமனில் முற்றிய கிழங்கில்தான் கூடுதல். சுமையில் எந்த விகிதத்தில் கலந்திருக்கிறதோ அதே விகிதத்தில் கூடையிலும் இருக்க வேண்டும்.

வயலில் பாயிண்ட் ஏறுவதும் இறங்குவதும்

முதல் காரணம் இரகமும் வயதும். திருவனந்தபுரத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட எச் 165 எட்டு ஒன்பது மாதத்தில் வந்துவிடும், மாவு 23 முதல் 25 சதவீதம். எச் 226 பத்து மாதம் எடுக்கும், மாவு 28 முதல் 30 வரை போகும். முள்ளுவாடி, குங்கும ரோஸ் போன்ற வட்டார இரகங்களும் ஓடுகின்றன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி ஆராய்ச்சி சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் நடக்கிறது. விலை நன்றாக இருக்கும் ஆண்டில் ஆறு ஏழு மாதத்திலேயே பிடுங்கிவிடும் ஆசை வரும். எடை கிடைக்கும், பாயிண்ட் கிடைக்காது.

இரண்டாவது சாம்பல்சத்து, அதாவது பொட்டாஷ். இலையில் உண்டான சர்க்கரை கிழங்குக்கு இறங்கி மாவாகச் சேர சாம்பல்சத்து வேண்டும். இறவை (பாசன) மரவள்ளிக்கு எக்டேருக்குத் தழைச்சத்து 90 கிலோ, மணிச்சத்து 90 கிலோ, சாம்பல்சத்து 240 கிலோ என்பது பல்கலைக்கழகப் பரிந்துரை. தழைச்சத்திலும் சாம்பல்சத்திலும் பாதியை அடியுரமாகவும் மீதியை 90-ஆம் நாளிலும் கொடுப்பார்கள். சாம்பல்சத்து மற்ற இரண்டையும்விட இரண்டரை மடங்குக்கு மேல் இருப்பதைக் கவனியுங்கள். யூரியாவை மட்டும் அள்ளிப் போட்டால் செடி பச்சைப் பசேலென்று நிற்கும், தராசு வேறு கதை சொல்லும்.

மூன்றாவது மழை. வறட்சியில் இலை உதிர்ந்து நின்ற மரவள்ளி, மழை விழுந்ததும் புதுத் தளிர் விடும். தளிருக்கு வேண்டிய சத்தைக் கிழங்கிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். மழை பெய்த இரண்டு மூன்று வாரத்தில் கிழங்கின் எடை அப்படியே இருக்க, பாயிண்ட் இறங்குவது இதனால்தான். இலை மறுபடி முற்றி வேலை செய்யத் தொடங்கிய பிறகே மாவு மீண்டும் ஏறும். அறுவடைக்கு முன் கடைசித் தண்ணீரைத் தாராளமாகக் கட்டினால் கிழங்கு எளிதாகப் பிடுங்க வரும் என்பது உண்மை, பாயிண்ட்டுக்கு அது நல்லதில்லை என்பதும் உண்மை.

நோயும் பூச்சியும் மாவையே தின்கின்றன. வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோய் பழையது. 2020-இல் இந்தியாவில் முதன்முதலாகப் பார்க்கப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி அடுத்தடுத்த ஆண்டுகளில் சேலம், நாமக்கல் வயல்களைக் குருத்துக் குருத்தாகச் சுருட்டியது. மருந்தடித்து அடங்காத அந்தப் பூச்சிக்கு, ஆப்பிரிக்க நாடான பெனினிலிருந்து ‘அனகைரஸ் லோபெசி’ என்ற நுண்குளவியைக் கொண்டுவந்து பெங்களூரில் பெருக்கி, 2022-இல் ஏத்தாப்பூரில் விடத் தொடங்கினார்கள். பல பத்தாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் இதே பூச்சியை அடக்கிய குளவி அது. குளவி விட்ட வயலில் கண்ட மருந்தையும் அடித்தால் குளவிதான் முதலில் சாகும்.

பிடுங்கிய பிறகு ஓடும் கடிகாரம்

நெல்லைப் போல, மஞ்சளைப் போல மரவள்ளியை இருப்பு வைக்க முடியாது. பிடுங்கும்போது உண்டான காயத்தின் வழியே காற்றுப் புகுந்து, ஓரிரண்டு நாளில் கிழங்குக்குள் நீலமும் கறுப்புமாகக் கோடுகள் ஓடும். மாவு சர்க்கரையாக மாறத் தொடங்கும், பிறகு அழுகல். 24 மணி நேரத்துக்குள் அரவைக்குப் போய்விட்டால் நல்லது, 48-ஐத் தாண்டினால் மாவும் குறையும், நிறமும் கெடும்.

வியாபாரத்தின் முழுப் பலமும் இந்த ஒரு குணத்தால் ஒரு பக்கம் சாய்கிறது. லாரி ஏற்றிவிட்ட பிறகு விலை பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொண்டுபோக விவசாயிக்கு வழி இல்லை. பிடுங்காமல் மண்ணுக்குள் வைத்திருப்பது ஒன்றுதான் அவருக்கு இருக்கும் கிடங்கு. அதுவும் ஒரு மாதம், ஒன்றரை மாதம் வரைக்கும்தான். அதற்கு மேல் கிழங்கு நாரேறிவிடும், இடையில் மழை வந்தால் பாயிண்ட்டும் போய்விடும். ஆகவே பேரம் பேச வேண்டிய இடம் வயல்தான், ஆலை வாசல் இல்லை.

ஆலைக்குள்

கிழங்கைக் கழுவித் தோல் உரிப்பது முதல் வேலை. மேலே காகிதம் போன்ற பழுப்புத் தோல், அதற்கடியில் தடித்த உள்தோல். ஜவ்வரிசி வெள்ளையாக வர வேண்டுமானால் இரண்டும் போக வேண்டும். முன்பு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கத்தியால் உரித்த வேலையை இப்போது சுழலும் உருளைகள் செய்கின்றன. இயந்திரம் வேகமானது, ஆனால் கோணல் கிழங்கின் மடிப்பில் தோலை விட்டுவிடும். அந்த மிச்சத் தோல்தான் பின்னால் பழுப்பாகத் தலைகாட்டும்.

அடுத்தது அரவை. இரம்பப் பல் பதித்த உருளை வேகமாகச் சுழன்று, தண்ணீர் விட்டபடி கிழங்கைக் கூழாக்கும். மாவு கிழங்கின் செல்களுக்குள் சிறு மணிகளாக அடைபட்டிருக்கிறது, செல் உடைந்தால்தான் வெளியே வரும். பல் மழுங்கிய உருளையில் அரைத்தால் செல் உடையாமல் நாரோடு மாவும் வெளியே போய்விடும். ஒரு முறை அரைத்து, சலித்து, மிஞ்சியதை இரண்டாவது உருளையில் மறுபடி அரைக்கும் ஆலைகள் இதற்காகத்தான் அப்படிச் செய்கின்றன. மரவள்ளியில் இயற்கையாக உள்ள சயனைடு சார்ந்த பொருளும் செல் உடையும்போதுதான் பிரிந்து தண்ணீரில் கரைந்து வெளியேறுகிறது. கழுவிக் காய்ந்த மாவில் பயப்பட எதுவும் மிஞ்சாது.

கூழை அதிரும் சல்லடைகளில் தண்ணீர் அடித்துச் சலித்தால் மாவுப்பால் கீழே இறங்கும், நார் மேலே நிற்கும். அந்த நார்தான் ‘திப்பி’. காய்ந்த திப்பியில் பாதிக்கு மேல் மாவு இருக்கும் என்று கேட்டால் புதியவர்களுக்கு வியப்பாக இருக்கும். எவ்வளவு நன்றாக அரைத்தாலும் கொஞ்சம் மாவு நாரோடு ஒட்டிக்கொண்டே போகிறது. அதனால்தான் திப்பி வீணாவதில்லை, மாட்டுத் தீவனத்துக்கும் கோழித் தீவனத்துக்கும் போகிறது. கோழிப்பண்ணைகளுக்குப் பேர்போன நாமக்கல் பக்கத்திலேயே இருப்பது வசதி.

மாவுப்பாலைத் தொட்டிகளில் விட்டால் ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் மாவு அடியில் கெட்டியாகப் படியும். மேலே மஞ்சளும் பச்சையுமாக ஒரு மெல்லிய படலம் நிற்கும். புரதமும் நுண்ணிய நாரும் சேர்ந்தது அது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் வெள்ளை மாவை வெட்ட வேண்டும். இரவெல்லாம் தொட்டியில் விட்டுவைத்தால் புளிக்க ஆரம்பிக்கும். புளித்த மாவில் செய்த ஜவ்வரிசியை என்ன காயவைத்தாலும் வாடை போகாது. சுழற்சி விசையால் மாவைப் பிரிக்கும் இயந்திரம் போட்ட ஆலைகளில் இந்த வேலை நிமிடங்களில் முடிகிறது, தண்ணீரும் மிச்சம், வாடையும் இல்லை. முதலீடு மட்டும் பெரிது.

ஈரமாவை உடைத்து உதிர்த்து, துணிபோட்ட குலுக்கு இயந்திரத்தில் ஆட்டினால் துகள்மேல் துகள் ஒட்டி உருண்டையாகும். கொழுக்கட்டை மாவைப் போல ஈரப்பதம் இங்கே உயிர்நாடி. ஈரம் கூடினால் கட்டி கட்டியாகச் சேரும், குறைந்தால் உருளாமல் தூளாகவே நிற்கும். உருண்டைகளைச் சல்லடையில் அளவு பிரித்து, சிறியதை மறுபடி குலுக்குக்கும் பெரியதை உடைப்புக்கும் அனுப்புவார்கள்.

அடுத்து வறுவல். எண்ணெய் தடவிய சூடான இரும்புத் தட்டில் உருண்டைகளைக் கிளறினால் மேல்மாவு மட்டும் வெந்து ஓடு போல இறுகும். உள்ளே வேகாத மாவு அப்படியே இருக்கும். சமைக்கும்போது ஜவ்வரிசி கரைந்து கஞ்சியாகாமல் மணியாக நிற்பது இந்த ஓட்டால்தான். தட்டில் வறுக்காமல் நீராவியில் வேகவைத்தால் உள்வரைக்கும் வெந்து கண்ணாடி போல ஆகும். அதைக் கடையில் ‘நைலான் ஜவ்வரிசி’ என்பார்கள். ஊறவைக்கும் நேரமும் சமைக்கும் முறையும் இரண்டுக்கும் வேறு.

கடைசியாகக் களத்தில் வெயில். ஈரம் 12 சதவீதம் அளவுக்கு வரும்வரை காயவேண்டும். குறைவாகக் காய்ந்த மூட்டையில் பூஞ்சணம் வரும். களம் பெயர்ந்திருந்தால் மணல் கலக்கும். ஜவ்வரிசியை எரித்தால் மிஞ்சும் மொத்தச் சாம்பல் 0.4 சதவீதத்தையும், அமிலத்தில் கரையாத சாம்பல் 0.1 சதவீதத்தையும் தாண்டக்கூடாது என்று உணவுச் சட்டம் சொல்கிறது. இந்த இரண்டாவது எண் பிடிப்பது பெரும்பாலும் களத்து மணலைத்தான். மெருகேற்றி, சலித்து, 90 கிலோ மூட்டையாகக் கட்டுகிறார்கள்.

ஒரு டன் கிழங்கின் கணக்கு

28 பாயிண்ட் கிழங்கு ஒரு டன்னில் 280 கிலோ மாவு இருக்கிறது. தோலோடும் திப்பியோடும் கழிவுநீரோடும் போனது போக எண்பது சதவீதம் பிரித்தெடுக்கும் ஆலை என்று வைத்துக்கொண்டால் 224 கிலோ கிடைக்கும். இது முழுக்கக் காய்ந்த மாவு. 12 சதவீத ஈரத்தோடு நிற்கும் ஜவ்வரிசியாகச் சொன்னால் சுமார் 254 கிலோ, அதாவது மூன்று மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. அதே ஆலை 24 பாயிண்ட் கிழங்கிலிருந்து சுமார் 218 கிலோதான் எடுக்கும். அரவைக் கூலி, மின்சாரம், தண்ணீர், ஆள் எல்லாம் இரண்டு டன்னுக்கும் ஒன்றுதான். ஒரு பாயிண்ட் என்பது டன்னுக்கு ஏறத்தாழ 9 கிலோ ஜவ்வரிசி. அன்றைய ஜவ்வரிசி விலை கிலோவுக்கு 50 ரூபாய் என்று வைத்தால் ஒரு பாயிண்ட்டின் மதிப்பு டன்னுக்கு 450 ரூபாய். ஆலையின் செலவையும் லாபத்தையும் அதில் கழித்துக்கொண்டு மிஞ்சுவதுதான் விவசாயிக்குத் தரும் பாயிண்ட் விலை.

இந்தக் கணக்கில் எண்பது சதவீதம் என்ற எண்ணையும் கவனிக்க வேண்டும். பழைய உருளையும் கசியும் தொட்டியும் வைத்திருக்கும் ஆலை எழுபதுதான் எடுக்கும் என்றால், தன் பத்து சதவீத இழப்பை அது கிழங்கு விலையில்தான் ஈடுகட்டப் பார்க்கும். ஆலையை நவீனப்படுத்துவது முதலாளியின் சொந்த விவகாரம் என்று விவசாயிகள் ஒதுங்கிவிடுகிறார்கள். அது சரியில்லை. கிழங்குக்கு என்ன விலை கட்டுப்படியாகும் என்பதைத் தீர்மானிப்பதில் உருளையின் பல்லுக்கும் பங்கு இருக்கிறது.

வெண்மையும் கலப்படமும்

ஜவ்வரிசியை வாங்குபவர்களில் பெரும்பாலோர் மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், குஜராத் போன்ற மாநிலங்களில் இருக்கிறார்கள். நவராத்திரி, ஏகாதசி, சிவராத்திரி விரத நாட்களில் தானியம் தவிர்ப்பவர்களுக்கு ஜவ்வரிசி கிச்சடிதான் உணவு. நமக்குப் பாயசமும் வடாமும். மொத்த வியாபாரி மூட்டையைப் பிரித்ததும் பார்ப்பது வெண்மையை. வெள்ளையாக இருந்தால் உயர்ந்த விலை என்று சந்தை பழகிவிட்டது. தோலை ஒழுங்காக உரிக்காமல் அரைத்துவிட்டு, பழுப்பை மறைக்க வெளுப்பு இரசாயனங்களை ஊற்றும் தவறான பழக்கம் அங்கிருந்துதான் வந்தது. உணவுப் பாதுகாப்புத் துறை திரும்பத் திரும்பச் சோதனை போடுவதும் இதற்காகத்தான். நல்ல ஜவ்வரிசியின் இயல்பான நிறம் பளிச்சென்ற சுண்ணாம்பு வெள்ளை அல்ல, மெல்லிய பால்நிறம்.

மக்காச்சோள மாவைக் கலப்பது இன்னொரு வகைக் கேடு. சோள மாவு விலை குறையும் காலத்தில் கலப்பு பெருகும். உடலுக்கு அது நஞ்சில்லை, ஆனால் மரவள்ளி என்று சொல்லி விற்பது ஏமாற்று. கலக்கும் ஒவ்வொரு மூட்டை சோள மாவுக்கும் நாலைந்து மூட்டை கிழங்கின் தேவை குறைகிறது என்பதால் அடி நேராக விவசாயிமேல் விழுகிறது. அயோடின் விட்டுப் பார்த்தால் இரண்டும் நீலமாகத்தான் ஆகும், அதனால் பயனில்லை. நுண்ணோக்கியில் வைத்தால் தெரிந்துவிடும்: சோள மாவின் மணிகள் பலகோண வடிவம், மரவள்ளி மணிகள் உருண்டையாக, ஒரு பக்கம் வெட்டுப்பட்டது போல இருக்கும். ஆனால் வறுத்த ஜவ்வரிசியில் மேலோட்டு மணிகள் வெந்து உருக்குலைந்திருக்கும். ஆகவே உருண்டையை உடைத்து உள்மாவைப் பார்க்க வேண்டும்.

விலை ஏன் இப்படி ஆடுகிறது

குச்சி நட்டதிலிருந்து பிடுங்க பத்து மாதம். இந்த ஆண்டு விலையைப் பார்த்து நடுபவர் அடுத்த ஆண்டு விலைக்கு விற்கிறார். விலை ஏறிய ஆண்டு எல்லோரும் நடுகிறார்கள், அடுத்த பருவத்தில் கிழங்கு குவிகிறது, விலை சரிகிறது, அதற்கடுத்த ஆண்டு பரப்பு சுருங்குகிறது. கிழங்குக்குக் கிடங்கு இல்லை, ஜவ்வரிசிக்கு உண்டு என்பதால் காத்திருக்கும் பலமும் ஆலைப் பக்கமே. மாவின் மற்றொரு பகுதி துணிக்குக் கஞ்சிபோடவும், காகித ஆலைக்கும், அட்டைப்பெட்டிப் பசைக்கும் போகிறது. அங்கே சோள மாவோடு நேரடிப் போட்டி. சோளம் மலிந்தால் மரவள்ளி மாவு கீழே இழுபடும்.

பருவம் தொடங்கும்போது மாவட்ட நிர்வாகம் விவசாயிகளையும் ஆலைக்காரர்களையும் உட்காரவைத்து முத்தரப்புக் கூட்டம் நடத்துவது வழக்கமாகியிருக்கிறது. பாயிண்ட்டுக்கு இத்தனை ரூபாய் என்று அங்கே பேசுவார்கள். விலையைப் பேசிவிட்டு அளவை முறையைப் பேசாமல் எழுந்தால் பேசியதில் பாதி வீண். மாதிரி எடுப்பது எப்படி, தொட்டித் தண்ணீர் எத்தனை சுமைக்கு ஒரு தடவை மாறும், கழிவு எவ்வளவு பிடிப்பது, தண்ணீருக்கு வெளியே போட்ட எடையும் தண்ணீர் எடையும் சீட்டில் எழுதப்படுமா என்பதெல்லாம் விலையின் பகுதிதான்.

வயல் ஓரத்திலேயே பாயிண்ட் பார்க்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. 10 கிராம் வித்தியாசத்தையும் காட்டும் தொங்கு தராசு, ஒரு கம்பிக்கூடை, கிழங்கு முழுசாக மூழ்கும் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் பீப்பாய், தெளிந்த தண்ணீர். பிடுங்க நினைக்கும் நாளுக்கு மூன்று வாரம் முன்பு வயலின் மூன்று இடங்களில் ஒவ்வொரு செடி எடுத்து, 5 கிலோ நிறுத்து, தண்ணீர் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து நாள் கழித்து மறுபடி. எண் இன்னும் ஏறுகிறது என்றால் காத்திருக்கலாம். நின்றுவிட்டது என்றாலோ, நடுவில் நல்ல மழை பெய்து குருத்து விட ஆரம்பித்துவிட்டது என்றாலோ, மூன்றாவது தடவையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அந்தக் குறிப்புத் தாள் கையில் இருக்கும்போது ஆலை வாசலில் 26 என்று சொன்னால், உங்கள் எண் 28 என்றால், “கூடையைக் குலுக்கி இன்னொரு தடவை முக்குங்கள்” என்று தயங்காமல் கேட்கலாம்.